சத்தம் போடாத பெட்டி

அத்தியாயம் பதினொன்று

மூத்தவள் அந்தப் பெட்டியைக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்து சீட் பெல்ட் மாட்டினாள். அதுவும் போதாதென்று தன் சால்வையை மடித்து அதன் அடியில் செருகினாள். காவலாளி பார்த்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பல வருடமாக அக்காவின் போனை எடுக்காத தம்பி, போன வாரம் ஒருவழியாக எடுத்தான். எடுத்து ஒரே பேச்சில் முடித்துவிட்டான். "வா. ஆனா வெறும் பேச்சோட வராத, பெட்டியையும் எடுத்துட்டு வா."

பெட்டி என்றால் கேம் கன்சோல். டிவியில் மாட்டி விளையாடுவது. அதைச் செய்து பழம் தின்று கொட்டை போட்ட கம்பெனிகள் ஏற்கெனவே இருக்கின்றன. இவர்களோ ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் ரேடியோவும் செய்கிறவர்கள். விலையைச் சொன்னால் வாங்க வந்தவர் உட்கார நாற்காலி கேட்பார். அந்த விலைக்குக் காரணம் பெரியவர்.

பெரியவர் மூத்தவளின் அப்பா. எந்தப் பொருளும் தொழிற்சாலையை விட்டு வெளியே போகும் முன் அமைதி அறைக்கு வர வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு அதன் பக்கத்தில் உட்காருவார். பொருள் தன்பாட்டுக்கு எந்தச் சத்தமும் போடக்கூடாது. மெல்லிய ரீங்காரம் கேட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார். திருப்பி அனுப்பியே பேர் வாங்கிய குடும்பம் அது. அப்படி அனுப்பப்பட்டதில் பெற்ற பிள்ளையும் அடக்கம்.

கன்சோல் செய்யலாம் என்பது மூத்தவளின் யோசனை. ஸ்பீக்கர் வாங்குகிறவர்களுக்கெல்லாம் தலை நரைத்துவிட்டது, அவர்கள் பிள்ளைகளுக்கு நம் பேரே தெரியாது என்று அப்பாவிடம் மன்றாடி, ஒரு தனிப் பிரிவு அமைத்து, ஆட்களைச் சேர்த்து, ஊண் உறக்கமில்லாமல் செய்த வேலை. பெரியவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். உள்ளே விசிறி இருக்கக்கூடாது.

"சூடாகும்ப்பா. சூடானா கேம் திக்கித் திக்கி ஓடும்," என்று போன வருடம் அவள் கேட்டுப் பார்த்தாள்.

"நம்ம பெட்டி மூச்சு வாங்காதும்மா," என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

அவள் கடைசியில் அவருக்குத் தெரியாமல் ஒரு பெட்டிக்குள் விசிறி வைக்கச் சொன்னாள். சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பது அந்தப் பெட்டிதான்.

*

தம்பி சின்னவன் கேம் செய்கிறவன். அவன் அலுவலகம் ஒரு சலவைக் கடைக்கு மேலே இருந்தது. படியெல்லாம் சோப்பு வாசனை. உள்ளே ஆட்கள் தரையில் சம்மணம் போட்டும், பஞ்சு பிதுங்கிய சோபாவில் கால் நீட்டியும் வேலை பார்த்தார்கள். கையில் பிடித்து விளையாடும் கன்ட்ரோலர்களில் பாதிக்கு டேப் சுற்றியிருந்தது. காலை எங்கே வைத்தாலும் ஒயர் தட்டியது.

தம்பிக்குக் காதோரம் நரைத்திருந்தது. அதைப் பார்க்க அவள் தயாராக வரவில்லை.

"சாப்பிட்டியாடா?" என்றாள். இத்தனை வருடம் கழித்து வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

"பெட்டியைக் காட்டு," என்று அவன் கையில் வாங்கினான். வாங்கியவன் ஒரு அடி தள்ளாடினான். "என்னக்கா இந்தக் கனம் கனக்குது. உள்ள அப்பா உட்கார்ந்திருக்காரா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனோடு சேர்ந்து சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

கன்ட்ரோலரைப் புரட்டிப் பார்த்தான். முழுக்க உலோகம். ஜில்லென்று இருந்தது.

"எங்ககிட்ட ஒரு சோதனை இருக்கு," என்றான். "தோத்துப் போறவன் கோவத்துல கன்ட்ரோலரைத் தூக்கி அடிப்பான். அடிச்சா என்ன ஆகுதுன்னு பார்ப்போம்." சோபாவில் இருந்த தாடிக்காரரைக் கூப்பிட்டான். "கொஞ்சம் தோத்துக் காட்டுங்க."

தாடிக்காரர் தோற்பதில் கெட்டிக்காரராக இருக்க வேண்டும். சீக்கிரமே தோற்றார். கன்ட்ரோலரைத் தரையில் ஓங்கி அடித்தார். மூத்தவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்து பார்த்தபோது கன்ட்ரோலரில் ஒரு கீறல் இல்லை.

"பாத்தியா? ஒண்ணும் ஆகல," என்றாள், பெருமை தாங்காமல்.

"டைல்ஸ் உடைஞ்சிருக்குக்கா."

"கன்ட்ரோலர் உடையலையே."

"அந்த டைல்ஸ், பெட்டி வாங்குறவன் வீட்டோடதுக்கா."

தாடிக்காரர் உடைந்த துண்டைக் காலால் ஓரமாகத் தள்ளினார். அக்காவும் தம்பியும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கோவிச்சுக்காத," என்றான் சின்னவன். "நீங்க செய்யறது ஷோகேஸ்ல வைக்கிற சாமான். துணி போட்டுத் துடைச்சு வச்சுப் பார்ப்பாங்க. இது தரையில கெடக்கிற சாமான். மேல ஜூஸ் கொட்டும், காலால உதைபடும். இதைப் போயி நகை மாதிரி செஞ்சு வச்சிருக்கீங்க."

"நல்லா செஞ்சா வாங்க மாட்டாங்களா?"

"ஸ்பீக்கரை நல்லா செஞ்சா போதும். பாட்டை யாரோ பாடி வச்சிருப்பாங்க, அது எந்த ஸ்பீக்கர்லயும் பாடும். இங்க கதையே வேற. கேமுக்காகத்தான் பெட்டி வாங்குவாங்க. பெட்டி பளபளன்னு இருக்குன்னு எவனும் வரமாட்டான். பெட்டியை நஷ்டத்துக்குக்கூட வித்துட்டு, கேம்ல எடுத்துக்கலாம்னு உட்கார்ந்திருக்கிற ஆளுங்களோட மோதப் போறீங்க. அப்பா என்னைக்காவது எதையாவது நஷ்டத்துக்கு வித்திருக்காரா?"

"அவர் பாசத்தைக்கூட லாபம் இல்லாம குடுத்ததில்ல," என்றாள் மூத்தவள். "அது தெரிஞ்சுதான் உன்கிட்ட வந்திருக்கேன். உன் புது கேம் முதல்ல எங்க பெட்டியில வரணும். வந்தா நாங்க பிழைச்சோம். வரலன்னா அப்பா என் பிரிவை மூடிடுவார். நான் சேர்த்த ஆளுங்க அத்தனை பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நானும் பழையபடி அவர் பின்னாடி கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்."

புயலில் மாட்டிய ஒரு கப்பலைக் கரை சேர்க்கிற அவனுடைய கேமை விளையாடாத பிள்ளைகள் குறைவு. அதன் இரண்டாம் பாகம் தயாராக இருந்தது. பெரிய கம்பெனிகள் அவன் வாசலில் தவம் கிடந்தன. அவன் அந்த இரண்டாம் பாகத்தைப் பெட்டியில் ஏற்றினான்.

திரையில் மழை பிடித்துக்கொண்டது. அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கப்பலைத் தூக்கிப் போட்டன. எங்கும் திக்கவில்லை, ஒரு துளி தவறவில்லை. தரையில் இருந்தவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். தாடிக்காரர் கையைத் தட்டினார்.

சின்னவன் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. பெட்டியின் முதுகுப் பக்கம் கையை வைத்துப் பார்த்தான். காற்று வந்தது.

"விசிறி வச்சிருக்கீங்க," என்றான்.

"ம்."

"அப்பா விட்டாரா?"

இங்கேதான் வாசகர்கள் அவளை மன்னிக்க வேண்டும், அல்லது மன்னிக்காமல் விட வேண்டும். அந்தக் கேள்வியை அவன் கேட்ட குரல் அப்படி இருந்தது. நரைத்தவன் கேட்கிற குரலாக அது இல்லை.

"விட்டார்," என்றாள்.

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அப்பா வீட்டு மாடியில், பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு அவன் முதல் கேமைச் செய்துகொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் கம்ப்யூட்டரின் விசிறி கொஞ்சம் இரையும். கீழே படுத்திருந்த பெரியவருக்கு அது கேட்டது. ஒரு நாள் அவர் மேலே வந்தார், கட்டிங் பிளேயரால் ஒயரை வெட்டினார், ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனார். அடுத்த வாரம் சின்னவன் வீட்டை விட்டுப் போனான். அத்தனையும் கண்ணெதிரே நடந்தும் மூத்தவள் வாய் திறக்கவில்லை.

"ஒரு விசிறிக்காக என்னை அனுப்பினவர்க்கா அவர்," என்றான் சின்னவன். "இப்ப அவரே விசிறி வச்சிருக்கார்."

அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது, இடமும் இருந்தது, சொல்ல வேண்டும் என்று வாய்வரை வரவும் செய்தது. அவன் முகத்தைப் பார்த்தாள், விழுங்கிவிட்டாள்.

"சாயந்திரம் அமைதி அறையில வச்சுக் கேட்கப் போறார். நீயும் வர்றியா?"

"வர்றேன்," என்றான். "கேம் உங்களுக்குத்தான்க்கா. மத்தவங்ககிட்ட இல்லன்னு சொல்லிடறேன்."

*

தொழிற்சாலை வாசலில் மாப்பிள்ளை காத்திருந்தார். மூத்தவளின் கணவர். விற்பனை முழுக்க அவர் பொறுப்பு. கடைநிலை ஊழியர் வரைக்கும் அவரை மாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள். அந்த மரியாதைக்கு மேல் அவருக்கு அந்த வீட்டில் எதுவும் கிடைத்ததில்லை. அதற்கு மேல் அவர் எதையும் கேட்டதும் இல்லை.

"என்ன ஆச்சு?"

"குடுக்கறேன்னுட்டான்."

"அப்பாடா. அந்தக் கேம் வந்தாத்தான் பெட்டியை எடுப்போம்னு கடைக்காரங்க ஒத்தக் கால்ல நிக்கிறாங்க." குரலைத் தாழ்த்தினார். "விசிறி? மாமா காதுல விழுந்துட்டா?"

"விழாது."

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்ற?"

அவளுக்குக் காரணத்தைச் சொல்லக் கூசியது. போன மழைக்காலத்தில் பெரியவரின் கைக்கடிகாரம் அவர் மேஜைமேல் இருந்தபடி விடாமல் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. அவர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவளுக்குப் புரிந்தது. அந்தக் காதை நம்பித்தான் தொழிற்சாலையே நடக்கிறது, அந்தக் காது போய்க்கொண்டிருக்கிறது.

ஆனால் போன மாதம் ஒரு ரேடியோவை மிகச் சரியாகத் திருப்பி அனுப்பினாரே? இரைச்சல் இருந்தது உண்மை, மிக மெல்லிய இரைச்சல். அது அவரிடம் தப்பவில்லை. அதனால் காது வரும், போகும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். இன்றைக்குப் போகிற நாளாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள். பெற்ற அப்பாவின் காது கேட்கக்கூடாது என்று ஒரு மகள் வேண்டிக்கொள்கிற நிலைமைக்கு வந்திருந்தாள்.

*

அமைதி அறையின் கதவு ஒரு கை அகலத் தடிமன். மூடினால் வெளி உலகம் அறுந்துவிடும். சுவரெல்லாம் பஞ்சு. நடுவே ஒரு மேஜை, அதன்மேல் ஒரு திரை, ஒரே ஒரு நாற்காலி.

பெரியவர் சலவைச் சட்டையில் வந்தார். பைக்குள் எப்போதும் இருக்கும் துடைப்புத் துணி. மகனைப் பார்த்ததும் நின்றார். அவன் உதட்டையே பார்த்தார். யார் பேசினாலும் இப்போதெல்லாம் அவர் அப்படித்தான் பார்க்கிறார். அதைத் தொழிலாளிகள் மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்தியா?"

"வந்தேன்ப்பா."

"அக்கா சொன்னா. உன்னோடது நல்லா ஓடுதாமே."

அந்த வீட்டுக் கணக்கில் அது ஒரு பெரிய பாராட்டு. சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மூத்தவள் அவருக்கு எதிரே போய் நின்றாள். முன்பெல்லாம் பின்னால்தான் நிற்பாள். கொஞ்ச காலமாக எதிரே நிற்கச் சொல்கிறார். ஏன் என்று அவள் கேட்டதில்லை. அந்த வீட்டில் ஏன் என்று கேட்டது தம்பி ஒருவன்தான், அவனுக்கு என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும்.

பெட்டியை முடுக்கினார்கள். திரையில் சத்தத்தை அடைத்துவிட்டு கேமை ஓடவிட்டார்கள். பெரியவர் கண்ணை மூடினார்.

கொஞ்ச நேரத்தில் விசிறி வேகம் எடுத்தது. அந்த அறையில் அது ஊசிபோல் கேட்டது. மூத்தவளுக்குக் கேட்டது, சின்னவனுக்குக் கேட்டது. அவள் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். அவர் கண்ணைத் திறந்தால் எதுவும் தெரியக்கூடாதென்று வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகியிருந்தாள்.

பெரியவர் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"சுத்தமா இருக்கு," என்றார். "ஒரு பொட்டு சத்தம் இல்ல. அனுப்பலாம்."

எழுந்து போய், முதுகைக் காட்டிக்கொண்டு, பெட்டியின் மேல் பட்ட விரல் ரேகைகளைத் துணியால் துடைக்கத் தொடங்கினார். தேர்வான பொருளுக்கு அவர் தன் கையால் செய்கிற மரியாதை அது.

சின்னவன் அக்காவைப் பார்த்தான்.

"அப்பாவுக்குக் காது கேட்கலையா?" என்று கேட்டான். அப்பா ஒரு எட்டுத் தொலைவில் நின்றார். திரும்பவில்லை.

"மெதுவா பேசினா கேட்காது."

"அப்ப விசிறிக்கு அவர் சம்மதிக்கல."

"சம்மதிக்க மாட்டார்டா. உனக்குத் தெரியாதா?"

"நான் காலையில கேட்டேன். விட்டார்னு சொன்ன."

"உன் கேம் வேணும்டா எனக்கு. நான் வேற என்ன பண்ணுவேன்?"

அவன் பேசாமல் இருந்திருந்தால் அவளுடைய பெட்டி கடைக்குப் போயிருக்கும். அவன் கேமும் போயிருக்கும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அவனைத் துரத்திய அந்தச் சட்டத்தை அவனே தோற்கடித்த மாதிரியும் ஆகியிருக்கும். ஆனால் விரல் ரேகையைத் துடைத்துக்கொண்டிருந்த அந்த முதுகை அவனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. நேரே போனான். அப்பாவின் கையைப் பிடித்தான், பெட்டியின் முதுகுப் பக்கம் கொண்டுபோய் வைத்தான்.

காற்று விரல்களுக்கு நடுவே வந்தது. பெரியவர் கையை எடுக்கவில்லை. துணி கீழே விழுந்தது.

"அப்பா," என்றாள் மூத்தவள்.

அவர் மகளிடம்தான் திரும்பினார்.

"என் காது போயி நாளாச்சும்மா," என்றார். "உனக்குத் தெரியாதுன்னு நினைச்சேன்."

"அப்புறம் எப்படிப்பா? போன மாசம் ரேடியோவை…"

"கண்ணை முழுசா மூட மாட்டேன். உன் முகத்தைத்தான் பார்த்துட்டு இருப்பேன். சத்தம் இருந்தா உன் புருவம் சுருங்கும். உனக்கே தெரியாம சுருங்கும். அதுக்குத்தான் உன்னை எதிர்ல நிக்கச் சொன்னேன்." மூச்சு விட்டுக்கொண்டார். "என் காதை நான் நம்பல. உன் முகத்தை நம்பினேன். இன்னைக்கு அது என்னை ஏமாத்திடுச்சு."

இத்தனை நாளும் இந்தத் தொழிற்சாலையின் தீர்ப்பு மூத்தவளுடையதாகவே இருந்திருக்கிறது. அது அவளுக்குத் தெரிந்த நிமிடமும் அது அவள் கையை விட்டுப் போன நிமிடமும் ஒன்றாக இருந்தன. அவள் அழுதாள். துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

பெரியவர் மகனைப் பார்த்தார். அவன் உதட்டைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தார்.

"உனக்குக் கேட்குதில்ல?"

"கேட்குதுப்பா."

"கேட்டதைச் சொன்ன." நாற்காலியைக் காட்டினார். "இனிமே நீ உட்காரு."

சின்னவன் திடுக்கிட்டு நாற்காலியின் முதுகைப் பிடித்தான். "நானா? விசிறி இல்லாம என் கேம் ஓடாதுப்பா. நான் உட்கார்ந்தா விசிறி இருக்கணும்."

"நாற்காலியில உட்கார்றவன் சொல்றதுதான் சட்டம்," என்றார் பெரியவர். "வேணும்னா வச்சுக்கோ."

அவ்வளவுதான். ஒரு கேள்வி, ஒரு பதில். மன்றாட்டு இல்லை, தனிப் பிரிவு இல்லை, கண்ணாடி முன் பழக்கம் இல்லை. அவன் கேட்டான், அவர் கொடுத்துவிட்டார்.

பெரியவர் குனிந்து கீழே கிடந்த துணியை எடுத்தார்.

"இதையேதான்ப்பா நான் போன வருஷம் கேட்டேன்," என்றாள் மூத்தவள், சுவரைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக.

அவர் துணியை உதறி மடித்துப் பைக்குள் வைத்தார். அவருக்கு அது கேட்கவில்லை.

தம்பிக்குக் கேட்டது. நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த கையை அவன் இன்னும் எடுக்கவில்லை.